ரெண்டரைக் கட்டை

அறிவிப்பாளர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"அடுத்ததாக… ரெண்டரைக்… கட்டையாம்.
நாலு தம்பிமார், ஒரு தங்கச்சி. கை தட்டுங்க."
தட்டினார்கள். முன்வரிசையில் ஆறு பேர்.
அதில் இருவர் நுளம்புக்கு.

பேர் வைத்தவன் டெரோன்.
இருதயபுரத்தில் அவன் அப்பாவின் தச்சுப் பட்டறையிலிருந்து
கல்லடிக் கடற்கரைக்கு அவ்வளவுதான் தூரமாம்,
சைக்கிள் மிதித்து அளந்திருக்கிறான்.
எங்கள் தொண்டைகள் ஏறக்கூடிய உயரமும் அதுதான் என்றான்.

எட்டு மாதம் மரத்தூள் தின்றோம்.
வாள் ஓய்ந்த பிறகு,
ஒரே பிளக்கில் மூன்று பேர் தொங்கிக்கொண்டு.
எழுதியது மூன்று பாட்டு.
மூன்றிலும் மேல் 'ரி' கிடையாது;
நிப்ராஸின் கீபோர்ட்டில்
அந்தக் கட்டை செத்துப் போயிருந்தது.

விளையாட்டுக் கழகத்தின் ஆண்டுவிழா.
கயிறிழுத்தலுக்கும் அதிர்ஷ்டலாபச் சீட்டுக்கும் நடுவில்
பதினைந்து நிமிடம் எங்களுடையது.
மேடை என்பது ஒரு லொறியின் முதுகு.
நேற்று அது மீன் ஏற்றியிருக்க வேண்டும்.
கிருஜன் மூன்று தரம் சுருதி சேர்த்தான்,
மூன்று தரமும் காற்று அதைக் கலைத்தது.
யதுர்ஷிகா தண்ணீர்ப் போத்தலைத் திறந்தாள், மூடினாள்,
திறந்தாள்,
குடிக்கவேயில்லை.

டெரோன் குச்சியால் நாலு எண்ணினான்.
என் விரல் இறங்கியது.

தற்புகழ்ச்சிதான், ஆனாலும் சொல்கிறேன்:
அதற்கு முன் நான் அப்படி வாசித்ததில்லை.
பேஸ் கிற்றாரின் அந்தத் தடித்த கம்பி
அன்றைக்கு நூல் மாதிரி வளைந்து கொடுத்தது.
ரெண்டாம் சரணத்தில் எப்போதும் நான் தடுக்கி விழும் இடம்
வந்தது, போனது,
பள்ளம் தெரிந்த ஓட்டோக்காரன் ஒதுக்குவது போல.
பின்னால் கடல்.
அதுகூட டெரோனின் எண்ணிக்கைக்குள் நிற்பதாக நினைத்தேன்.
யதுர்ஷிகா திரும்பிச் சிரித்தாள்.
எனக்கில்லை, நிப்ராஸுக்கு. அது வேறு கதை.

பாட்டு முடிய
சவுண்ட்ஸ்காரர் பாறூக் காக்கா லொறியடியில் வந்து
என் காலுக்குப் பக்கத்தில் கிடந்த வயரின் நுனியைப்
பாம்பைத் தூக்குவது போலத் தூக்கிக் காட்டினார்.
"தம்பி, இத இன்னம் செருகல்லியே."

அம்மாவைப் பார்த்தேன். மூன்றாம் வரிசை.
பெருவிரலை உயர்த்திக் காட்டினா.
டெரோனைப் பார்த்தேன். அவன் அடுத்ததற்கு நெற்றி துடைத்தான்.
ஒருத்தருக்கும் தெரியவில்லை.
ஒருத்தருக்கும்
ஒன்றும் குறையவுமில்லை.

செருகினேன்.
டப்.
யாரோ ஒருவரின் குழந்தை வீரிட்டு அழுதது.
ஊர் கேட்ட என் முதல் சுரம் அதுதான்.

ரெண்டாம் பாட்டில் எல்லோருக்கும் நான் கேட்டேன்,
என் பிழையும் கேட்டது.
கச்சான் சுற்றிக்கொண்டிருந்தவர் சுருளைப் பாதியில் விட்டு நிமிர்ந்தார்.
"என்னகா மச்சான் இது" என்றான் கிருஜன், பல்லுக்குள்.
சரியான கம்பிக்கு ஓடி வந்தேன்,
அதற்குள் பாட்டு ஒரு வீடு தள்ளிப் போயிருந்தது.
ஆனால் இந்த முறை
அது நெஞ்செலும்பில் இருந்தது,
லொறியின் பலகையில் இருந்தது.
பிளாஸ்டிக் கதிரைகளின் கால்கள்
மணலுக்குள் ஒரு நூலளவு இறங்கியதைப்
பார்த்தேன் என்றால் பொய்.
பார்த்தேன்.

மூன்றாம் பாட்டு இல்லை. நேரமாகிவிட்டதாம்.
சீட்டில் முதல் பரிசு ஒரு ரைஸ் குக்கர்.
அதற்கு விழுந்த கைதட்டு எங்களுக்கு விழவில்லை.

மறுகா கணக்கு:
தந்தது நாலாயிரம், பெட்டி வாடகை ஐயாயிரம்.
ஐந்து பேருக்கு நாலு புரியாணிப் பார்சல்.
பாறூக் காக்கா ஆயிரத்தைக் குறைத்தார்,
என்னைப் பார்த்துக்கொண்டே.

பாலத்தில் ஓட்டோ ஏறியது.
என் மடியில் கிற்றார், அதன் கழுத்து வெளியே காற்றில்.
ஒவ்வொருத்தரும் தன்தன் பிழையைச் சொல்லி முடித்த பிறகு
டெரோன், வாயில் சோற்றோடு:
"என்னதான் சொல்லு,
முதல் பாட்டு மட்டும் சுத்தம், மச்சான்.
அதில உன்ட பேஸ்! அடேயப்பா."

ஓம் என்றேன்.
எதிரே பஸ் வந்தது.
கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன்.